மாலைமாற்றும் கணிப்பொறியும்

சோழவள நாட்டில் காவிரியின் வடகரைத் திருப்பதிகளுள் ஒன்றாய் விளங்குவது சீகாழி. இன்று சீர்காழி என வழங்கும் இம்மூதூர், பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு பெயர் பெற்றது. முன்னாளில் தஞ்சை மாவட்டத்திலும், பின்னர் நாகப்பட்டின மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2020-ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சார்ந்தது. நெல்வயல் சூழ்ந்த இவ்வூரின் திருக்கோயிற் குளக்கரையில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கியவர் என்று போற்றப்படுபவர், ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர்.

சம்பந்தர் தம் ஊரைப் பலகாலும் பாடினார். அவற்றுள் ஒன்று, தேவார மூன்றாம் திருமுறையில் உள்ள திருமாலைமாற்று என்னும் பதிகம். தொடுத்த பூமாலையை எம்முனையிலிருந்து நோக்கினும் பூக்களின் வரிசை ஒன்றாகவே தோன்றும். அதுபோல, முதலெழுத்திலிருந்து படித்தாலும் கடையெழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் ஒரே பாட்டாய் நிற்பது மாலைமாற்று. தண்டியலங்காரம் இதனைச் சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்து எண்ணும். சிறுவர்க்கும் தெரிந்த எளிய சான்று வேண்டுமாயின், தெனாலிராமன் கதையில் வரும் ‘விகடகவி’ என்னும் சொல்லைக் கொள்ளலாம்.

ஒரு சொல்லை இவ்வாறு அமைத்தல் எளிது; ஒரு பாட்டை அமைத்தல் அரிது. முற்பாதியில் வைத்த ஒவ்வோர் எழுத்தும் பிற்பாதியில் தனக்குரிய இடத்தைக் கேட்டு நிற்கும். ‘காழி’ என்று ஊர்ப்பெயரை ஓரிடத்தில் வைத்தால், அதற்கு நேரான இடத்தில் ‘ழிகா’ என்னும் ஒலி வந்தே தீரும். தமிழிலோ ழகரம் சொல்லுக்கு முதலில் வாராது. ஆதலின் அவ்வொலி ஏதேனும் ஒரு சொல்லின் இடையில் அடங்குமாறு முன்னும் பின்னும் சொற்களைத் தேடவேண்டும். இத்தகைய தடை அடிதோறும் எதிர்ப்படும். சம்பந்தர் அவற்றையெல்லாம் கடந்து ஒன்றன்று, இரண்டன்று, பதினொரு பாட்டுப் பாடினார்.

அவரே இவ்வூர்மேல் திருவெழுகூற்றிருக்கை என்னும் வேறொரு சித்திரகவியும் செய்தார். ஒன்று, பின்னர் ஒன்று, இரண்டு, ஒன்று, அதன்பின் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, இவ்வாறு ஏழுவரை ஏறியும் இறங்கியும் எண்ணுப்பெயர்கள் பாட்டினுள் இறைவன் செயல்களோடு பிணைந்து வரும். எழுதிப் பார்த்தால் தேர் போன்ற வடிவம் தோன்றும்.

இவ்விரண்டையும் இங்கே எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதும் கலையை இக்காலத்தார் நிரலாக்கம் என்பர். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிக் கணினி அறிவியல் நூல்கள் சி பிளஸ் பிளஸ், பைத்தான் என்னும் நிரல் மொழிகளைக் கற்பித்தன. உலகில் எந்நாட்டில் இக்கலையைத் தொடங்குவோர்க்கும் கொடுக்கப்படும் முதற்பயிற்சிகளுள் இரண்டு உள. ஒரு சொல் முன்னும் பின்னும் ஒத்து நிற்கின்றதா எனக் காண்பது ஒன்று. எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கிக் கூம்பு வடிவம் காட்டுவது மற்றொன்று. முன்னது மாலைமாற்று, பின்னது எழுகூற்றிருக்கையின் எலும்புக்கூடு. கணிப்பொறி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே காழிப்பிள்ளையார் இவ்விரு கட்டளைகளுக்கும் அடங்கிப் பாடிவிட்டார். ஆயினும் அவர் நிரல் எழுதினார் என்று சொல்லுதல் மிகையாகும். அவர் எழுதியது பாட்டு. அதனுள் பொருளும் பக்தியும் உண்டு.

அண்மைக் காலத்தில் ஒரு வினா எழுந்துள்ளது. பொறியே நிரல் எழுதும் நாளில் மனிதர் ஏன் அதனைக் கற்கவேண்டும்? 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிட்ஹப் கோபைலட் என்னும் துணைப்பொறி முன்னோட்டமாக வந்தது. நிரலின் முதலடியை ஒருவர் எழுதினால் அடுத்த அடிகளை அது எழுதிக் காட்டியது. 2022 நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தது. வேண்டுவதை வழக்குமொழியில் சொன்னால் நிரல் முழுவதையும் அது எழுதித் தந்தது. 2024 பிப்ரவரியில், கணிப்பொறிச் சில்லுகள் செய்யும் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், துபாயில் நடந்த மாநாட்டில், இனிப் பிள்ளைகள் நிரல் மொழி கற்கவேண்டுவதில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். கடன்பட்டேனும் பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைக்கும் குடும்பங்கள் காவிரிப் படுகையில் பல. நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்கிடும் பெற்றோர்க்கு இவ்வினா வெறும் வாதமன்று.

இதற்கு விடை காண, சீகாழியில் ஒரு மாணவன் இருப்பதாகக் கொள்வோம். மாலைமாற்றுப் பதிகம் மெய்யாகவே முன்னும் பின்னும் ஒத்துள்ளதா எனக் கணிப்பொறியைக்கொண்டு சோதிக்க விழைகின்றான். நிரல் நூல்களிலெல்லாம் காணப்படும் முறை எளியது: சொல்லைத் திருப்பி எழுது, திருப்பியது முதலில் இருந்ததோடு ஒத்தால் ‘ஆம்’ என்க, ஒவ்வாவிடில் ‘அன்று’ என்க. முதலில் அவன் ‘விகடகவி’ என்னும் சொல்லை இட்டுப் பார்க்கின்றான். பொறி ‘அன்று’ என்கின்றது. பதிகப் பாடல்களை ஒவ்வொன்றாக இடுகின்றான். ‘அன்று’ என்பதே விடையாக வருகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் மாலைமாற்று என்று போற்றிய பதிகத்தைப் பொறி மறுக்கின்றது. நிரலில் பிழையொன்றும் தென்படவில்லை. ஆங்கிலச் சொற்களை இட்டால் சரியாகவே விடை வருகின்றது.

பிழை எங்கே உள்ளது என்பதை அறியப் பொறி தமிழெழுத்தை எவ்வாறு வைத்துக்கொள்கின்றது என்று காணல்வேண்டும். பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றிற்கும் தனித்தனி எண் வகுத்த ஏற்பாட்டிற்கு யூனிகோடு என்று பெயர். ஒருங்குறி என்றும் கூறுவர். 1991-ஆம் ஆண்டில் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அவ்வேற்பாட்டில் ககரத்தின் எண் 2965. டகரத்தின் எண் 2975. வகரத்தின் எண் 2997. ‘வி’ என்னும் உயிர்மெய்க்கோ தனியெண் இல்லை. வகரத்தின் எண்ணை எழுதி, அதன்பின் இகரக் குறியாகிய மேல்விலங்கின் எண் 3007 என்பதையும் எழுதவேண்டும். ஆகவே ‘விகடகவி’ பொறியினுள் 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007 என்று ஏழு எண்களாய் நிற்கின்றது. திருப்பினால் 3007 முதலில் வருகின்றது. வகரத்தின்மேல் இருந்த விலங்கு கழன்று, தாங்குவார் இன்றிச் சொல்லின் தலையில் நிற்கின்றது. முதலாவது ‘வி’யின் விலங்கோ டகரத்தை அடுத்த ககரத்தின்மேல் ஏறி அதனைக் ‘கி’ ஆக்கிவிடுகின்றது. ஏழெண் வரிசை தலைகீழானபின் பழைய வரிசையோடு ஒவ்வாது. எனவே ‘அன்று’ என்னும் விடை. பொறி பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவிற்கு அது சரியாகவே விடை கூறிற்று. கேட்கப்பட்ட வினாதான் வேறு.

எழுத்து என்பது யாது? தமிழ் இலக்கணம் தொடங்குமிடமே இவ்வினாதான். உயிர் 12, மெய் 18, இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பர். ஒப்பிக்கும்போது இதனால் பயன் யாது என்று நினைப்பவரும் உண்டு. மாலைமாற்றைச் சோதிக்கப் புகுந்தவனுக்கு அப்பயன் கண்முன் வந்து நிற்கின்றது. ஒலியளவில் நோக்கினால் உயிர்மெய் இரண்டன் கூட்டம். மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும். எழுதப்படும் வடிவிலும் எண்ணப்படும் அளவிலும் அஃது ஒன்று. சம்பந்தர் திருப்பியது எதனை? ஒலியைத் திருப்பினார் என்றால், வ், இ, க், அ எனப் பிரித்துப் பின்னிருந்து கூட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் விகடகவியும் ஒவ்வாது, பதிகமும் ஒவ்வாது. அவர் திருப்பியது எழுத்தை. அதாவது உயிர்மெய்யை ஒன்றென எண்ணும் எழுத்தை. யூனிகோடு பகுத்த கூறும் அன்று, ஒலிநூலார் பகுக்கும் கூறும் அன்று. புலவர் எண்ணிய எழுத்தே இங்கு அளவுகோல்.

இதனை அறிந்தபின் நிரலைத் திருத்துதல் பத்தடி வேலை. சொல்லிடைவெளிகளை முதலில் நீக்குக. பின்னர் எண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் நோக்குக. வரும் எண் 3006 முதல் 3021 வரை உள்ளதாயின், அஃது உயிர்க்குறியோ புள்ளியோ ஆகும். அதனை முன்னின்ற மெய்யோடு சேர்த்து ஓரெழுத்தாகக் கட்டுக. அன்றாயின் புதிய எழுத்தைத் தொடங்குக. எல்லாம் கட்டி முடித்தபின், கட்டுக்களின் வரிசையைத் திருப்புக. கட்டுக்குள் கை வையாதே. இவ்வளவே. இப்போது ‘விகடகவி’ ஐந்தெழுத்தாய் நின்று ‘ஆம்’ என்னும் விடையைப் பெறும்.

இன்னும் ஓர் இடர் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை 3018 என்னும் ஓரெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பின் எண் 3014, காலின் எண் 3006 என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. ஓரிடத்தில் ஒருவகையாகவும் மற்றோரிடத்தில் மறுவகையாகவும் தட்டச்சிட்டால் மாலை அறுந்துவிடும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவரவேண்டும். ஔகாரக் குறியின் பின்பாகத்தை ளகரம் என மயங்கித் தட்டச்சிடுவோரும் உளர். அம்மயக்கம் ஏட்டுக்காலம் முதற்கொண்டே தமிழோடு வருவது.

அகரவரிசையிலும் இத்தகைய இடர் நேர்கின்றது. தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. யூனிகோடு வகுத்தோர் பிற இந்திய எழுத்துக்களோடு இடம் ஒத்துவருமாறு அமைத்தமையால், அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண் வரிசைப்படியே சொற்களை அடுக்குமாறு பொறிக்கு ஆணையிட்டால், ‘மறம்’ முன்னும் ‘மலர்’ பின்னுமாக வரும். அகராதியிலோ மலர் முன், மறம் பின். ‘பக்கம்’ என்பதைப் ‘பகல்’ என்பதற்கு முன் வைப்பது அகராதி மரபு; பொறி மாற்றி வைக்கும். ஒரு நூலகத்தின் பட்டியலோ வாக்காளர் வரிசையோ இவ்வாறு பிறழ்ந்தால், தேடுவோன் தன் பெயர் இல்லையென்று திரும்பிப் போவான். யூனிகோட்டைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. அதனாலன்றோ தமிழ் உலகெங்கும் தடையின்றிச் செல்கின்றது! 247 எழுத்திற்கும் தனியெண் தரும் வேறோர் ஏற்பாடும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு யூனிகோட்டோடு அதனையும் ஏற்றது. எழுத்துக்களை எழுத்தாகவே எண்ணித் தரும் நிரற்றொகுப்புக்களையும் தமிழன்பர் சிலர் ஆக்கி எவரும் எடுத்தாள வைத்துள்ளனர். அவர்கள் வேறெவரோ செய்துதருவார் என்று காத்திராமையால் அவை உண்டாயின.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். இன்றைய நுண்ணறிவுப் பொறியிடம், தமிழெழுத்தை உயிர்மெய்யோடு எண்ணுக என்று கூறின், அது திருத்தமான நிரலையே எழுதித் தாராதோ? தரலாம்; தருகின்ற நாளும் உண்டு. அம்மறுப்பை எளிதில் தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. அப்பொறி உலகில் எழுதப்பட்ட நிரல்களையும் நூல்களையும் அளவின்றிப் பயின்று, அடுத்து வரத்தக்கது யாது என்று கணித்து எழுதுவது. ஓரடி எழுத ஒருநாள் தடுமாறும் தொடக்கநிலையாளனைவிட அது விரைவாகவும் பெரும்பாலும் செம்மையாகவும் எழுதும். நிரல் மொழியின் அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் நினைவில் வைத்திருத்தலே தொழிலாகக் கொண்டவர்க்கு இனி இடம் குறையும் என்பதும் பெரும்பாலும் உண்மையே. ஆயின், அப்பொறிக்கு ‘உயிர்மெய்யோடு எண்ணுக’ என்று சொல்ல யார் அறிவார்? முதல் நிரல் பதிகத்தை மறுத்தபோது, பதிகம் பிழையன்று, நிரலே பிழை என்று துணிய யாரால் இயலும்? இதனைத் தெளிவிக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்த வரலாறு ஒன்று உதவும்.

லெ ழாந்தீ என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் 1769-ஆம் ஆண்டில் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்தார். ஜூன் 4-ஆம் நாள் காலை மேகம் மூடிக்கொண்டது. பல்லாண்டு காத்திருந்தும் அவர் காணவில்லை. ஆயினும் அங்குத் தங்கிய காலத்தில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். தமிழர் ஒருவர் 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த கால அளவில் அக்கணக்கு 41 வினாடி குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் சிறந்தனவாகக் கருதப்பட்ட தோபியாஸ் மேயரின் வாய்பாடுகள் 68 வினாடி மிகுந்தன. மேனாட்டார் தொலைநோக்கி கொண்டு அளந்தமைத்த வாய்பாட்டைக் காட்டிலும், தமிழர் கணக்கு அன்று மெய்க்கு அணுக்கமாய் நின்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. ஆங்கிலேயர் படையில் அலுவல் பார்த்த ஜான் வாரன் என்பவர், தென்னாட்டுக் காலக்கணிதத்தை ஆராய்ந்து, காலசங்கலிதம் என்னும் நூலை 1825-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவருக்குக் கணித்துக் காட்டினார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் கொள்ளவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகளை வாக்கியங்களாக மனத்தில் வைத்திருந்தார். எழுத்துக்களை எண்களாகக் கொள்ளும் வழக்கப்படி அமைந்த சந்திர வாக்கியங்கள் 248. திங்கள் நிலவுலகிற்கு மிக அணித்தாக வந்து, மீண்டும் அந்நிலைக்கு வருதற்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் கிட்டத்தட்ட 248 நாளில் முடிதலின் அவ்வெண் வந்தது. சோழியை வைத்தும் எடுத்தும், வாக்கியத்தைச் சொல்லியும் கூட்டியும், அவர் 1825 மே 31-ஆம் நாளிரவு நிகழும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. 1952-ஆம் ஆண்டில் ஓட்டோ நாய்கெபாவர் என்னும் வரலாற்றறிஞர் இக்கணக்கை ஆராய்ந்து, பழைய வானநூல் மரபொன்று வாழும் நிலையில் காணப்பட்டதென வியந்து எழுதினார்.

வாரன் அக்கணிதரைப் பற்றிக் குறித்தது ஒன்று கருதத்தக்கது. அவருடைய நினைவாற்றல் பெரிது. செயல்முறையில் தெளிவு மிகுதி. ஆயின் அக்கணக்கிற்கு அடிப்படையான வானநூற் கொள்கைகளை அவர் அறியார். இதனால் அவரை இழித்துரைப்பது அறமன்று. வழிவழி வந்த கட்டளைகளைப் பிறழாமல் செய்தார். அத்துணைப் பெரிய கணக்கை மனத்தாலேயே செய்து முடித்தார். 1765-ஆம் ஆண்டுக் கிரகணத்தில் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகப் பிழைத்த மரபு, 1825-ஆம் ஆண்டுக் கிரகணத்தின் முடிவில் ஒரு மணி நேரத்தை நெருங்கப் பிழைத்தது. அவர் தம் வாய்பாட்டை எந்நாளில் நம்பலாம், எந்நாளில் நம்பலாகாது? சோழிகள் இரு நாளும் ஒரே தெளிவோடுதான் விடை சொல்லின. தவறு வாய்பாட்டில் எங்கே நுழைந்தது என்று தேடிப்பார்க்கும் வாயில் அவர்க்கு அடைபட்டிருந்தது. இன்று பொறி எழுதித் தந்த நிரலைப் படிக்கத் தெரியாமல் எடுத்தாள்பவனும் அந்தத் தரையிலேயே அமர்ந்திருக்கின்றான்; சோழிகள் மட்டும் மாறியுள்ளன.

அவ்வாயிலைத் திறந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றிய அவர், சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-ஆம் ஆண்டில் இலண்டன் வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். பழைய வாக்கியங்களை அவர் அறிவார். தொலைநோக்கி காட்டுவதையும் அறிவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தமையால், வானில் காணும் நிலையோடு ஒத்துவருமாறு திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம் வேண்டுமென வாதாடினார்; அம்முறையில் தாமே கணித்தும் வெளியிட்டார். அவரைக் குறை கூறினோரும் இருந்தனர். வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் தமிழ்நாட்டில் அருகருகே வழங்குகின்றன. சனி கும்பராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, அதனைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் விழா நடந்தது 2023 டிசம்பர் 20. வழிபாட்டிற்கு எம்முறையைக் கொள்வது என்பது மரபைப் பொறுத்தது. அதில் தலையிடுதல் இங்கு வேண்டா. இரண்டற்கும் இடையே பதினொரு திங்கள் ஏன் வந்தது என்று சொல்லவல்லவர், கணக்கை உள்புகுந்து அறிந்தவரே.

சீகாழி மாணவனிடம் திரும்புவோம். நிரலைத் திருத்திக்கொண்டபின் அவன் பதிகத்தின் பதினொரு பாட்டையும் இட்டுப் பார்க்கின்றான். பத்துப் பாட்டிற்கு ‘ஆம்’ என்று வருகின்றது. ஒன்றிற்கு மட்டும் ‘அன்று’ என்று வருகின்றது எனக் கொள்வோம். முன்பு நிரலைத் திருத்தியதுபோல இப்போதும் நிரலையே திருத்துவானோ? அவன் வேறொன்று செய்கின்றான். முன்னிருந்து எண்ணிய எத்தனையாவது எழுத்து, பின்னிருந்து எண்ணிய அத்தனையாவது எழுத்தோடு ஒவ்வவில்லை என்று சொல்லுமாறு நிரலில் ஓரடி சேர்க்கின்றான். பொறி இடத்தைக் காட்டுகின்றது. ஓரிடத்தில் நெடிலும் அதற்கு நேரான இடத்தில் குறிலும் உள்ளன. அவன் எடுத்துக்கொண்ட பதிப்பில் அச்சுப்பிழை நேர்ந்திருக்கின்றது.

மாலைமாற்றின் அருமை இங்கேயும் விளங்கும். ஒவ்வோர் எழுத்திற்கும் பாட்டினுள்ளேயே ஒரு சான்று இருத்தலின், பிழை புகுந்தால் மறைந்திருக்க இயலாது. கணிப்பொறிகள் ஒன்றற்கொன்று செய்தி விடுக்கும்போதும், இடையில் நேரும் பிழையை அறிவதற்காகச் செய்தியோடு மிகுதியாகச் சில எண்களைச் சேர்த்து விடுக்கும். அக்கருத்தும் இதுவும் ஓரினம். எனினும் இரண்டெழுத்து ஒவ்வாதபோது, அவற்றுள் பிழை எது, சரி எது என்று மாலைமாற்று சொல்லாது, நிரலும் சொல்லாது. நெடிலாகப் பாடினாரோ, குறிலாகப் பாடினாரோ என்பதைப் பொருளும் யாப்பும் பழைய ஏடுகளும் கொண்டே துணியவேண்டும். ஏட்டுச் சுவடியிலோ மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. வீரமாமுனிவர் காலத்திற்குப் பின்னரே அவ்வேறுபாடு எழுத்தில் நிலைத்தது. ரகரமும் நெட்டெழுத்தின் காலும் ஒன்றுபோல் இருக்கும். காலை ரகரம் என்று படித்தால் எழுத்தெண்ணிக்கையில் ஒன்று கூடி, அதற்குப் பின்னுள்ள இணைகள் யாவும் இடம் பெயரும்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சீகாழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கிற்கு யாகசாலை அமைக்க மண்ணை அகழ்ந்தபோது, ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரப் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கும் மேற்பட்டன வெளிப்பட்டன. மண்ணுக்குள் கிடந்து மங்கிய அவ்வெழுத்துக்களை ஒருவர் கண்ணூன்றிப் படித்தல்வேண்டும். படித்ததைப் பொறியில் ஏற்றுதல்வேண்டும். அச்சிட்ட பதிப்புக்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல்வேண்டும். ஒப்பிடும் வேலையைப் பொறி ஒரு நொடியில் முடித்துவிடும். ஒவ்வாத இடங்களை வரிசையாகக் காட்டும். அவ்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, இது செப்பேடு வெட்டியவரின் பிழையா, அச்சிட்டவரின் பிழையா, நிரல் எழுத்தை எண்ணிய பிழையா, அன்றிப் பிழையே அல்லாத பழைய பாடமா என்று ஒவ்வோரிடமாக ஒருவர் நின்று பார்க்கவேண்டும்.